ஆடிய பிடியும் அரித்த முனையும்: ஒரு பழைய வாளைச் சீர்செய்த பதிவு

வாள் என்றதும் எல்லோருடைய பேச்சும் அலகைச் சுற்றியே இருக்கிறது. ஆனால் சீர்செய்யக் கொடுக்கப்படும் பழைய வாள்களில் முதலில் தளர்ந்திருப்பது பிடி. அதற்கடுத்து உளுத்திருப்பது உறை. அலகு பெரும்பாலும் கடைசிவரை தாக்குப்பிடித்திருக்கும். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் மாமனார் வீட்டுச் சாமி அறையில் தலைமுறைகளாக இருந்துவரும் வாளிலும் வரிசை இதுவேதான். பிடி கடகடவென்று ஆடியது, உறை இரண்டாகப் பிளந்திருந்தது, அலகில் துரு படர்ந்திருந்ததே தவிர அதன் உறுதி குறையவில்லை. மதுரையில் என் வீட்டு மாடியிலுள்ள சிறிய பட்டறையில் வைத்து அதைச் சீர்செய்த முறையை இங்கே எழுதுகிறேன். எந்த உறுப்பைத் தொட்டபோதும், அது முதலில் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்ட பிறகே கைவைத்தேன் என்பதால், உறுப்பின் பயனும் பழுதும் சேர்ந்தே வரும்.

முதலில் அளவுகள். அலகின் நீளம் 76 செ.மீ., பிடியருகே அகலம் 33 மி.மீ.; மெல்லிய வளைவு, ஒருபக்க வாய் (வெட்டும் விளிம்பு). வெர்னியர் காலிப்பரை முதுகின்மேல் வைத்து நகர்த்திப் பார்த்தால், பிடியருகே 7 மி.மீ. ஆக இருக்கும் தடிப்பு, நடுவில் 4.5 ஆகவும், முனைக்கு ஒரு சாண் முன்பு 2.5 ஆகவும் படிப்படியாக மெலிந்துகொண்டே போகிறது. வாள் செய்த கொல்லரின் கைத்திறன் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இந்த மெலிவில்தான் என்பேன். முனைப்பக்கம் எடை குறைந்தால்தான் ஓங்கிய கையை வேண்டிய இடத்தில் நிறுத்தவும் திருப்பவும் முடியும். பிடிப்பக்கம் தடிப்பு இருந்தால்தான் அடி விழும்போது அலகு அங்கே மடங்காது. திருவிழாவுக்காக இரும்புப் பட்டையை வெட்டிச் செய்யும் வாள்களும், ஐயனார் கோயில் சிமெண்டுக் குதிரை வீரர்களின் வாள்களும் நுனிவரை ஒரே தடிப்பில் இருப்பதைப் பார்க்கலாம். சிமெண்டு வீரருக்கு அது போதும். இரும்புப் பட்டை வாளைத் தூக்கி வீசிப் பார்த்தவருக்கு மணிக்கட்டு வலிப்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் பக்கத்தில் வெட்டும் கருவி என்றால் அரிவாள்தான் நினைவுக்கு வரும். அதிலும் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வீட்டிலிருந்த அரிவாள் ஒன்றையும் விரல்மேல் வைத்து எடைச்சமன் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். அரிவாளில் அது தலைப்பக்கம் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. கருவேலங்கிளையை ஒரே போடில் வெட்டுவதற்குத் தலைக்கனம் வேண்டும். வெட்டிய பின் கை எங்கே போனாலும் பரவாயில்லை. வாளில் சமன்புள்ளி, பிடியின் குறுக்குக் கையிலிருந்து (அலகும் பிடியும் சேருமிடத்தில் குறுக்கே நீளும் இரும்புத் தண்டு) 14 செ.மீ. தூரத்திலேயே வந்துவிடுகிறது. எதிரில் நிற்பவர் மரமல்ல, அவரும் வீசுவார் என்பதால், வெட்டிய கை உடனே திரும்பித் தடுக்கவும் வேண்டும். பிடியை இரும்பில் செய்து அதன் அடியில் ஒரு வட்டத்தட்டையும் வைத்தது கைக்குக் காப்பாக மட்டுமல்ல, அலகின் எடைக்கு எதிர் எடையாகவும்தான். ஆகவே பிடியை மாற்றிவிட்டு மரப்பிடி போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையை, அது எவ்வளவு எளிதாக இருந்தாலும், தொடக்கத்திலேயே தள்ளிவிட்டேன்.

அலகின் இரு பக்கமும் முதுகை ஒட்டி ஒரு பள்ளம் ஓடி, முனைக்கு முன் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போது நின்றுவிடுகிறது. இதைப் பார்த்த எல்லோரும், மாமனார் உட்பட, "ரத்தம் வடியுறதுக்கு" என்றே சொன்னார்கள். ரத்தம் வடிவதற்கோ குத்திய வாளை உருவுவதற்கோ அந்தப் பள்ளம் தேவையில்லை, அது எடைக்கணக்கு. தடித்த முதுகு வேண்டும், ஆனால் முதுகின் தடிப்பு அலகின் அகலம் முழுவதும் இருந்தால் தூக்க முடியாது. நடுவில் உள்ள உலோகத்தைக் குறைத்தால் எடை போகிறது, விறைப்பு அதே விகிதத்தில் போவதில்லை. அதே எடையில் பள்ளம் இல்லாத வாளைச் செய்தால் முதுகு மெலிந்து, அலகு துவண்டுவிடும். முனைப்பக்கத்தில் அலகு ஏற்கெனவே மெலிந்துவிட்டதால் அங்கே பள்ளத்துக்கு வேலையில்லை. அதனால்தான் முன்பே நின்றுவிடுகிறது. சீர்செய்பவருக்கு இந்தப் பள்ளம் ஒரு தொல்லை. துரு நீக்கும் தாள் மேட்டைத் தேய்க்கும், பள்ளத்தின் அடியைத் தொடாது. பள்ளத்தின் விளிம்புகள் மழுங்கிவிட்டால் மீட்கவும் முடியாது.

பழைய வாள் என்றால் உருக்கின் பேச்சு வரும். தென்னிந்தியாவில் மூசையில் (உலோகம் உருக்கும் மண் குடுவை) இட்டு உருக்கிய உயர்கரி எஃகு உலகம் முழுவதும் போனது உண்மை. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் அந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. அந்த எஃகில் அடித்த அலகுகளின் மேல் நீரோட்டம்போன்ற வரிகள் தெரியும் என்பதால், இருக்கிறதா பார்க்கலாமே என்று அமிலம் தடவச் சொல்கிறவர்கள் உண்டு. பழைய வாள்கள் எல்லாம் அந்த எஃகில் செய்யப்பட்டவை அல்ல. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த அலகுகளுக்கு இங்கே பிடி போட்டுப் பயன்படுத்திய வழக்கமும் இருந்திருக்கிறது. நம்முடையது எது என்று தெரிந்துகொள்ளும் ஆசைக்காக அமிலம் தடவினால், அலகின் மேற்பரப்பு நிரந்தரமாக மாறிவிடும். நான் தடவவில்லை. குடும்பத்தில் இந்த வாள் மருது சகோதரர் காலத்தது என்று சொல்வார்கள். 1801இல் அவர்கள் தூக்கிலிடப்பட்டு, பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது ஒடுக்கப்பட்ட பிறகு, இந்தப் பகுதியில் எஞ்சிய ஆயுதங்கள் பெரும்பாலும் பரணிலும் சாமி அறையிலும்தான் தங்கின. அதனால் அந்தக் கதையை நான் மறுக்கப் போகவில்லை. ஆனால் அலகிலோ பிடியிலோ அதற்குச் சான்றாக எழுத்தோ முத்திரையோ எதுவும் இல்லை.

இனி பிடி. இது வட்டத்தட்டுள்ள, முழுக்க இரும்பாலான பிடி. வடக்கிலும் தக்காணத்திலும் பரவலாக இருந்த வகை. இரண்டு பாதிகளாக அடித்து, விளிம்பில் பித்தளைப் பற்றுவைத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்; உள்ளே கூடு. அலகிலிருந்து நீளும் வால் பகுதி அந்தக் கூட்டுக்குள் இறங்குகிறது. அரிவாளின் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்குவதைப் பார்த்தவர்கள், இதிலும் ஆணியோ திருகோ இருக்கும் என்று தேடுவார்கள். எதுவும் கிடையாது. கூட்டுக்குள் உருக்கி ஊற்றிய அரக்குதான் அலகைப் பிடித்து நிற்கிறது. சண்டைக்குப் போன ஆயுதம் அரக்கை நம்பியா இருந்தது என்று வியப்பாக இருக்கலாம். வெட்டு விழும்போது விசை பக்கவாட்டில்தான் போகிறது. வாலை அரக்கு நாலாபக்கமும் இடைவெளியின்றி நிரப்பி இருப்பதால் அது அசைய இடமில்லை. மரையோ ஆணியோ ஒரே புள்ளியில் விசையைத் தாங்கி ஒடியும். அரக்கு முழு நீளத்துக்கும் பகிர்ந்து தாங்குகிறது. அலகு முறிந்தால் பிடியைச் சூடாக்கி எடுத்து வேறு அலகு பொருத்திக்கொள்ளவும் வசதி.

ஆண்டுகள் போகப்போக அரக்கு காய்ந்து நொறுங்கும். நொறுங்கிய தூள் குறுக்குக் கையின் இடுக்கு வழியே கொட்டியிருக்கிறது, பிடி ஆடியிருக்கிறது, முன்பு யாரோ குழாய் ஒழுகலுக்கு வைக்கும் இரட்டைப் பசை மாவை அந்த இடுக்கில் அப்பி அடைத்திருக்கிறார்கள். மேலே கல்லாக இறுகிய அடைப்பு, உள்ளே வெறும் தூள். பிடி நின்றதுபோல் தெரிந்து, வால் உள்ளே தனியாக ஆடிக்கொண்டிருந்தது. வீசும்போது அலகு கழன்று பறப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கழற்றும் வேலையில் நெருப்பைக் கிட்டே கொண்டுவரவில்லை. துவைச்சல் ஏற்றிய, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய, எஃகு 200 டிகிரியைத் தாண்டினாலே கடினம் குறையத் தொடங்கும். கேஸ் டார்ச் சுவாலைக்கு அது கண்சிமிட்டும் நேரம். அரக்கு இளகுவதற்கு 80 டிகிரி வாக்கில் போதும், ஆகவே கொதிநீரே போதுமானது. கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் அலகுக்குக் கேடில்லை. வாயில் தடித்த துணிநாடா சுற்றி, பிடியைத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு நீர் புகாமல் கட்டி, கொதிக்கும் பானைக்குள் பிடியை மட்டும் இறக்கி வைத்தேன். சூடு உள்ளே ஏறியதும் வாளைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, குறுக்குக் கையின் இரு பக்கமும் மரச்சுத்தியால் மாறிமாறி மெல்லத் தட்ட, பிடி கீழ்நோக்கி நழுவியது. திருகி எடுக்கக்கூடாது, திருகினால் வால் முறுக்கிக்கொள்ளும். பசை மாவு இரும்போடு ஒட்டிய இடங்கள் மட்டும் தகராறு செய்தன. அவற்றைச் சூடாக இருக்கும்போதே பித்தளைத் தகட்டால் சுரண்டினேன். பித்தளை இரும்பைவிட மென்மையானது, கீறல் விடாது. இந்த வேலை முழுவதிலும் நான் அதிகம் பயன்படுத்திய கருவி அதுதான்.

வெளியே வந்த வால் 9 செ.மீ. நீளம், தட்டையாக, நுனி நோக்கிக் குறுகிச் சென்றது. அதன்மேல் சிறிய அரத்தை இழுத்தால் அரம் உடனே பற்றுகிறது. குறுக்குக் கையிலிருந்து அலகின்மேல் படியும் நாக்கு மறைக்கும் இடத்தில், வாயோரமாக இழுத்தால் வழுக்குகிறது. வாய் கடினமாகவும் வால் மென்மையாகவும் இருக்கும்படி கொல்லர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். வாலும் கடினமாக இருந்தால், அடி விழும் அதிர்ச்சியில் பிடிக்குள்ளேயே முறிந்துவிடும். வாலும் அலகும் சேரும் தோளில் விரிசல் இருக்கிறதா என்பதே நான் கவலையோடு பார்த்த இடம். மண்ணெண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புத் தூளை மெல்லப் பூசி வைத்தால், விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் ஊறி வெளியே வந்து தூளின்மேல் கறுப்புக் கோடு காட்டும். லேத் பட்டறைகளில் தண்டு சோதிக்கும் பழைய முறை இது. கோடு வரவில்லை. வந்திருந்தால் இந்த வாளைப் படுக்கவைத்துக் காட்சிப்பொருளாக மட்டுமே வைக்கச் சொல்லியிருப்பேன்.

பிடியின்மேல் சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள், அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை. பெயிண்ட் நீக்கும் திரவத்தைத் தூரிகையால் பூசி, ஊறியதும் மரக்குச்சியால் வழித்தபோது, வட்டத்தட்டின் கீழே இரும்பின்மேல் மயிரிழைபோல் நெருக்கமான குறுக்குக் கோடுகள் தெரிந்தன. அழுக்கைத் தேய்த்த கீறல் என்று நினைத்துத் தேய்த்துவிட எளிதில் கைபோகும். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால் கோடுகளுக்கு இடையே அங்கங்கே வெள்ளிப் பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இரும்பை அரம்போலக் கீறிச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் வெள்ளிக் கம்பியை வைத்துத் தட்டி அழுத்தி ஒட்டும் வேலைப்பாடு அது. வட்டத்தட்டில் ஒரு பூவின் மூன்று இதழ்கள் மிச்சமிருந்தன. அவற்றின்மேல் அதன்பின் பஞ்சைத் தவிர எதையும் வைக்கவில்லை.

இந்த வகைப் பிடியைக் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் சிறியதாக இருக்கிறதே என்பார்கள். குறுக்குக் கைக்கும் வட்டத்தட்டுக்கும் இடையே 7.5 செ.மீ. தான், என் உள்ளங்கை அதைவிட அகலம். ஆனால் இறுகப் பிடித்துப் பார்த்தால் அளவின் காரணம் விளங்கிவிடும். நடுவில் புடைத்த வயிறு உள்ளங்கைக் குழியை நிரப்புகிறது, மேலே குறுக்குக் கையும் கீழே வட்டத்தட்டும் கையை நெருக்கிப் பூட்டுகின்றன. இப்போது கையை நீட்டி முனையை முன்னே சாய்க்க முயன்றால் தட்டின் விளிம்பு மணிக்கட்டில் அழுத்தித் தடுக்கிறது. குத்துவதற்கு இந்தப் பிடி ஏற்றதல்ல. முழங்கையும் தோளும் சேர்ந்து வீசி, வெட்டியபடியே இழுத்துக்கொள்வதற்காகவே இது அமைந்திருக்கிறது. வளைந்த அலகும் அந்த இழுப்பு வெட்டுக்குத்தான். அலகும் பிடியும் ஒரே பேச்சைப் பேசுவது இங்கேதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் தஞ்சாவூர் ஆயுதங்களில் முழங்கை வரை மூடும் கையுறைப் பிடியுள்ள பட்டாக்களைப் பாருங்கள். மணிக்கட்டே இல்லாததுபோல் கையும் வாளும் ஒரே கோடாகிவிடுகின்றன, நேராக நீண்ட அலகும் அதற்கேற்றபடிதான்.

குறுக்குக் கையின் இரு முனைகளும் எதிராளியின் வாள் வழுக்கி வந்து விரலில் படாமல் தடுப்பவை. அதன் நடுவிலிருந்து அலகின் இரு பக்கமும் இறங்கும் நாக்குகள், பார்வைக்கு அலங்காரமாகத் தெரிந்தாலும், அலகைக் கவ்வி நிறுத்துபவை; உறையில் செருகும்போது உறையின் வாய்மேல் படிந்து மழைநீர் உள்ளே போகாமலும் காக்கும். வட்டத்தட்டின் உச்சியிலுள்ள சிறு துளை மணிக்கட்டுக் கயிறு கோக்க. விரல்களின் முன்னே வளைந்து தட்டைத் தொட வேண்டிய காப்பு வளைவு இந்த வாளில் ஒடிந்து, குறுக்குக் கையின்மேல் முறிந்த அடித்தண்டு மட்டும் நின்றது. தெரிந்த வெல்டிங் பட்டறைக்காரர் புதிதாக வளைத்து ஒட்டித் தருவதாகச் சொன்னார். ஆர்க் வெல்டிங் சூட்டில் பிடியின் இரு பாதிகளை இணைக்கும் பித்தளைப் பற்று உருகிவிடும். தவிர சாமி அறையில் விரல்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை. முறிந்த அடித்தண்டைக்கூட அரம் போட்டுச் சமப்படுத்தாமல் அப்படியே விட்டேன்.

அலகின் துருவுக்கு வந்தபோது மாமனாரோடு ஒரு வாக்குவாதம் இருந்தது. "மாப்பிள்ளை, பஃபிங் போடுறவங்ககிட்டக் குடுத்தா ஒரே நாள்ல முகம் பாக்கலாம். நீங்க ஏன் பஞ்ச வச்சுத் தேச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார். பஃபிங் சக்கரம் ஓடினால் முகம் தெரியும் என்பது உண்மைதான். பள்ளத்தின் விளிம்பும், முதுகின் கோணமும், வாய்க்கு மேலே ஓடும் சரிவுக் கோடும் கரைந்துபோகும் என்பதும் உண்மை. உராய்வுச் சூட்டில் மெல்லிய வாய் நீலம் பாய்ந்து துவைச்சல் இறங்கிவிடவும் கூடும். "மாமா, கறுப்பு இருக்கட்டும், செவப்பு மட்டும் போகட்டும்" என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன்.

அந்தப் பேச்சில் ஒரு தொழில்நுட்பமே அடங்கியிருக்கிறது. தொட்டால் விரலில் ஒட்டும் செம்பழுப்புத் துரு ஈரத்தை உறிஞ்சி மேலும் மேலும் இரும்பைத் தின்னும். அதன் அடியிலிருக்கும் கெட்டியான கரும்படலம் அசையாமல் நின்று, எண்ணெயைப் பிடித்து வைத்து, அடியிலுள்ள இரும்பை ஓரளவு காக்கும். மெஷின் ஆயிலில் ஊறவைத்து, பித்தளைத் தகட்டால் மேல்துருவைச் சுரண்டி, மிக மெல்லிய இரும்புக் கம்பளியால் அலகின் நீளவாக்கில் மட்டும் தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் கீறல்கள் வெளிச்சத்தில் பல்லைக் காட்டும். பள்ளத்துக்குள் மூங்கில் சீவலை எண்ணெயில் தோய்த்துத் தள்ளினேன். இதைத் தவிர இதில் சொல்ல எதுவும் இல்லை. பொறுமை உள்ளவர் யாரும் செய்யலாம்.

முனை வேறு கதை. அலகு முழுவதும் துரு மேலோட்டமாக இருக்க, முனையில் மட்டும் இரண்டு விரற்கடை நீளத்துக்கு இரும்பு குழிகுழியாக அரித்து, அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருந்தது. குழிகள் ஒரே உயரத்தில், ஒரு வட்டக் கோட்டோடு நின்றுவிட்டன. அதற்கு மேலே சுத்தமான இரும்பு. உறைக்குள் நீர் தேங்கியிருந்தால் எல்லை இவ்வளவு தெளிவாக இருக்காது. ஆயுத பூசைக்கு வாளின் முனையில் எலுமிச்சம்பழம் குத்துவார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் ஒரு பழத்தை எடுத்து அளந்து பார்த்தேன். பழத்தின் குறுக்களவும் அரித்த இடத்தின் நீளமும் ஒத்துப்போயின. சிட்ரிக் அமிலம் இரும்பைக் கரைக்கும். அதைத் துரு நீக்கவே பயன்படுத்துகிறோம். ஆண்டுதோறும் பழம் வாடும்வரை முனையில் விட்டு, பிறகு உருவிவிட்டுத் துடைக்காமல் உறைக்குள் போட்டால் வேறென்ன ஆகும்? சந்தனப் பொட்டு காய்ந்த இடங்களிலும் வட்டவட்டமாகத் துரு இருந்தது, ஆனால் ஆழமில்லை. அது ஈரத்தைப் பிடித்து வைத்ததால் வந்தது மட்டுமே.

முனை என்பது வாளின் மிக மெல்லிய இடம். இந்த வாளில் கடைசி ஒரு சாண் நீளத்துக்கு முதுகும் சாய்வாகச் சீவப்பட்டு இருபக்க வாயாகியிருக்கிறது. அரிப்பு முழுதும் போகும்வரை தேய்த்தால் அந்தச் சாய்வே காணாமல் போகும். குழிகளின் உள்ளே ஊசியால் துருவைக் கிளறி எடுத்து, ஸ்பிரிட்டால் கழுவி, கடுக்காய்ச் சாற்றை ஊசிமுனையால் குழிக்குள் மட்டும் வைத்தேன். கடுக்காயின் துவர்ப்புச் சத்து துருவோடு சேர்ந்தால் கறுத்து நிற்கும். முதலில் ஓர் ஓட்டை அரிவாளில் வைத்துப் பார்த்து, சுற்றியுள்ள நல்ல இரும்பிலும் கறை ஏறும் என்று தெரிந்ததால்தான் ஊசிமுனை. எலுமிச்சம்பழத்துக்கு மாமனார் தாமே வழி சொன்னார்: வாளை நிறுத்தும் மரத்தாங்கியில் ஒரு முளை அடித்து, பழம் இனி அதில். வாளில் குத்தியே ஆக வேண்டுமென்று பூசாரி சொன்னால் என்ன செய்வது என்றேன். "பூசாரி நம்ம சொல்றதக் கேப்பாரு, அது நம்ம சித்தப்பா மகன்தான்" என்றார்.

இனி அரக்கு. கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடையில் கொம்பரக்கு கிடைத்தது. தனி அரக்கு குளிரும்போது சுருங்கி விரிசல் விடும், அடிபட்டால் சிதறும். ஆகவே பழஞ்செங்கல்லை இடித்துத் துணியில் சலித்த தூளைச் சேர்ப்பது வழக்கம். இரண்டு பங்கு அரக்குக்கு ஒரு பங்கு செங்கல் தூள். தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஒருவரிடம் கேட்டபோது, நகை செதுக்கும் அரக்கில் அவர்கள் எண்ணெய் சேர்ப்பதைச் சொல்லி, கூடவே எச்சரித்தார்: "எண்ணெ போட்டா உளிக்கு நல்லா எளகிக் குடுக்கும் தம்பி. ஒங்களுக்கு எளகக் கூடாது. போட்றாதீங்க." சித்திரை வெயிலில் மதுரை ஓட்டுவீட்டுப் பரண் எவ்வளவு கொதிக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னதன் அருமை தெரியும். எபாக்சி ஊற்றலாமே என்று கேட்பவர்களுக்கு: ஊற்றலாம், உறுதியாகவும் நிற்கும், ஆனால் அடுத்த முறை கழற்றுகிறவர் பிடியைப் பிளக்காமல் கழற்ற முடியாது.

கூட்டுக்குள் பழைய அரக்கின் மிச்சத்தை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து எடுத்தேன். தச்சர்களின் பாலிஷில் அரக்கு ஸ்பிரிட்டில்தானே கரைகிறது. வாலையும் அசிட்டோன் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தாயிற்று. பிடியைத் தலைகீழாக, வட்டத்தட்டு கீழேயும் நாக்குகள் மேலேயும் இருக்க, வைஸின் தாடைகளுக்குத் துணி கொடுத்து நிறுத்தி, தூளாக்கிய கலவையைக் கூட்டில் முக்கால் பங்கு நிரப்பி, வெப்பக்காற்றுத் துப்பாக்கியைப் பிடியின் வெளியே சுற்றிச்சுற்றிக் காட்டினேன். உள்ளே குச்சியை விட்டுப் பார்த்தால் முதலில் மணலாக இருக்கும், பிறகு ஈர மண்ணாகும், பிறகு குச்சியோடு நூல் இழுக்கும். நூல் இழுத்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அரக்கை அதிகச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் நுரைத்து இறுகி, அதன்பின் எவ்வளவு காய்ச்சினாலும் உருகாது, ஒட்டவும் ஒட்டாது.

அதற்குள் வாலையும் சூடாக்கியிருக்க வேண்டும். குளிர்ந்த வாலை இறக்கினால், அதைத் தொட்ட அரக்கு உடனே உறைந்து, ஒட்டாத தோலாகிவிடும். அலகின் தோளுக்கு மேலே ஈரத்துணி சுற்றி, வாலுக்கு மட்டும் காற்றுச் சூடு காட்டி, ஓர் அரக்குத் துணுக்கு அதன்மேல் வைத்தவுடன் இளகியதும், ஒரே அழுத்தில் இறக்கினேன். அரக்கு நாக்குகளின் இடையே பிதுங்கி வந்தது. வந்தால்தான் கூடு நிரம்பியது என்று பொருள். அது உறைவதற்குள் இருக்கிற சில நிமிடங்களில்தான் வாள் நேராவதும் கோணலாவதும். முதுகின் வழியே ஒரு கண்ணை மூடிப் பார்த்து, வாயின் கோடு குறுக்குக் கையின் நடுவே போகிறதா, முறிந்த விரல்காப்பின் அடித்தண்டு வாயின் நேரே இருக்கிறதா, நாக்கு இரு பக்கமும் அலகில் படிகிறதா என்று மூன்றையும் சரிபார்த்துத் திருத்தினேன். பிடி சற்றே திரும்பி உறைந்துவிட்டால், கை நேராக வெட்டினாலும் வாய் சாய்ந்து விழும். பிதுங்கிய அரக்கை முழுதும் கல்லாகும் முன், கத்தியால் வெட்டினால் சுருளாக வரும் பதத்தில் சீவி எடுத்தேன். பிறகு மறுநாள்வரை தொடவில்லை.

பிடி இறுகியதைச் சோதிக்க நல்ல வழி, வாளை முனை மேலே இருக்க இரண்டு விரலால் தளரப் பிடித்து, வட்டத்தட்டை மறுகையின் அடிப்பாகத்தால் தட்டுவது. அலகு நடுங்கும், ஆனால் முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஓரிடம் மட்டும் நடுங்காமல் நிற்கும். அந்த இடத்தில் வெட்டினால் அதிர்ச்சி கைக்குத் திரும்பாது; வாளின் வெட்டுமிடம் அதுதான். பிடி ஆடிக்கொண்டிருந்தபோது இதே சோதனையில் கடகடப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. இப்போது நடுக்கம் தெளிவாக ஓடி, பள்ளம் முடியும் இடத்தை அடுத்து அலகு அசையாமல் நிற்கிறது. மொத்த எடை 980 கிராம்.

உறையைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு மெல்லிய மரச்சீவல்களைக் குடைந்து ஒட்டி, மேலே தோல் போர்த்து, அடியில் பித்தளைக் குப்பி மாட்டியது. உறையின் வேலை அலகை மூடுவது மட்டுமல்ல. வாய்ப்பக்கம் எங்கும் மரத்தைத் தொடாமல், முதுகும் அலகின் பக்கங்களும் மட்டும் உரசும்படி குடைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உருவும் ஒவ்வொரு முறையும் வாய் மழுங்கும், மரமும் அறுபடும். பழைய மரம் கறையானால் சல்லடையாகியிருந்ததால் குமிழ மரத்தில் புதிதாகக் குடைந்து, வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினேன். வச்சிரம் வெந்நீருக்கு விட்டுக்கொடுக்கும் என்பதால், உள்ளே அழுக்குச் சேர்ந்தால் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஒட்டலாம். பழைய தோலைப் புதிய மரத்தின்மேல் இழுத்துத் தைக்க முடிந்தது. அடிக்குப்பியின் பித்தளை கிழிந்திருக்கிறது, அது வெண்கலக்கடைத் தெருவில் தகடு வாங்கி அடிக்கக் காத்திருக்கிறது.

இத்தகைய வேலையில் இறங்குகிறவர்கள் சட்டத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ அல்லாமல், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வாள்களை ஆயுத விதிகள் ஆயுதமாகவே கணக்கில் எடுக்கின்றன. ஆகவே ஊருக்கு ஊர் கொண்டுபோகும் முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் உண்டு. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

வாள் திரும்பிப் போனபோது, அதை உறைக்குள் போட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். தோலிலும் மரத்திலும் உள்ள அமிலமும் ஈரமும் மூடிய உறைக்குள் அலகைத் தின்னும். உறை தூக்கிக்கொண்டு நடப்பதற்கு, கிடப்பதற்கு அல்ல. அலகில் மெஷின் ஆயில் தடவி, பருத்தித் துணியில் சுற்றி, உறைக்குப் பக்கத்தில் தனியாக வைத்தால் போதும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும், தைக்குப் பின் ஒரு முறையும் துணியை மாற்றி எண்ணெய் தடவ வேண்டும். துணியில் சிவப்பு ஒட்டினால் எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். கறுப்பு ஒட்டினால் கவலையில்லை.